சந்தில் நாலடி வழி விடுங்கள், தாதா

நம் கொல்கத்தாப் பாடாவின், அதாவது பேட்டையின், துர்கா பூஜைக் கமிட்டியில் இருக்கும் தாதாக்களுக்கும் (அண்ணன்களுக்கும்) திதிகளுக்கும் (அக்காக்களுக்கும்),

தசமி முடிந்துவிட்டது, ஆகவே முதலில் சுபோ பிஜோயா, விஜயதசமி வாழ்த்து.

இதையே வங்காள மொழியில் எழுதி, பக்கத்து வீட்டு பௌதியிடம் (அண்ணியிடம்) காட்டிப் பிழை திருத்தி, உங்கள் கிளப் அறையில் கொடுத்துவிட்டு வந்து பத்து நாள் ஆகிறது. அது கேரம் போர்டுக்கு மேலே கிடக்கிறதா கீழே கிடக்கிறதா தெரியவில்லை. உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதியதற்கே பதில் இல்லை. சரி, எனக்கு நன்றாக வருகிற மொழியிலாவது ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 2025 செப்டம்பர் 30, மகா அஷ்டமி, செவ்வாய்க்கிழமை. என் அம்மாவுக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. சிறுநீரகத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது. மாலை ஆறு மணி முறைக்கு நாலரைக்கே சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வாசலுக்கு வந்தேன். எங்கள் வாசலிலிருந்து பெரிய சாலை எழுபது அடி. அந்த எழுபது அடியும் அன்று ‘நுழைவு மட்டும்’. வெளியே போகிறவர்கள் சந்தின் மறுகோடிக்குப் போய், குளத்தைச் சுற்றி, கூட்டத்தோடு நகர்ந்து வர வேண்டும்.

பேட்ஜ் குத்தியிருந்த பையன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னான்: “மாஷிமா, கொஞ்சம் சுத்திப் போங்க.” மாஷிமா என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். சொந்தச் சித்தியை அந்தக் கூட்டத்தில் சுற்றிப் போகச் சொல்வானா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. எங்கள் வாசலை ஒட்டி நீங்கள் கட்டியிருந்த மூங்கில்களுக்கு நடுவே இடைவெளி ஒன்றரை அடி. சக்கர நாற்காலியின் அகலம் இரண்டேகால். கணக்கு அவ்வளவுதான். முப்பத்தைந்து நிமிடம் அங்கேயே நின்றோம். அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “பரவாயில்லடா, திரும்பிப் போயிடலாம்” என்றாள். டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் மூச்சு எப்படி வாங்கும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில்தான், எங்களுக்கு முன்னால் பத்தடியில் இன்னொரு மூங்கில் தூக்கப்பட்டது. விஐபி பாஸ். பட்டுப்புடவையும் குழந்தைகளுமாக ஒரு குடும்பம் உள்ளே போனது, மூங்கில் மறுபடி இறங்கியது.

கடைசியில் வழி விட்டது உங்களில் ஒருவரும் இல்லை. சியால்டா ஸ்டேஷன் வாசலில் நீங்கள் பேரம் பேசிக் கூட்டிவந்த டாக்கி, பூஜைக்கு மேளம் அடிப்பவர். அஷ்டமியும் நவமியும் சேரும் வேளையில் நடக்கும் சந்தி பூஜைக்கு இன்னும் நேரம் இருந்ததால் டாக் மேளத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், பீடியைப் போட்டுவிட்டு வந்து ஒரு மூங்கிலின் கயிற்றை அவிழ்த்தார், நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார், நாங்கள் கடந்ததும் மறுபடி கட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காக உங்கள் பையன் அவரைத் திட்டியதும் என் காதில் விழுந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 23, அதுவும் செவ்வாய்க்கிழமை. முந்தைய இரவு கொட்டிய மழையில் கொல்கத்தா முழுக்கத் தண்ணீர், மின்சாரம் தாக்கி ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நாள். அன்று இதே பையன்கள்தான், நாங்கள் கூப்பிடாமலே வந்து, முழங்கால் தண்ணீரில் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் போய் வண்டியில் ஏற்றினார்கள். காசு நீட்டினேன், கோபித்துக்கொண்டார்கள். ஏழு நாளில் என்ன ஆயிற்று? பேட்ஜ் ஒன்றைத் தவிர வேறு மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கேட்பது ஒன்றே ஒன்று: தெருவாசிகளுக்கென்று நாலடி வழி. இருபத்துநாலு மணி நேரமும், சக்கர நாற்காலி போகிற மாதிரி.

பூஜையே வேண்டாம் என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து பேசாதீர்கள். முப்பது வருடமாகச் சந்தா கொடுக்கிறேன். எங்கள் வீட்டுக் கொலுவுக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சுண்டலுக்கு வருவார்கள், உங்கள் போக் பிரசாதக் கிச்சடிக்கும் லாப்ராக் கூட்டுக்கும் நாங்கள் வரிசையில் நிற்போம். நூற்றியெட்டு விளக்கு ஏற்றும் சந்தி பூஜையை அம்மா இதுவரை தவறவிட்டதில்லை. இந்த வருடம்தான் முதல் முறை.

ஆனால் கொஞ்சம் சொல்லவும் வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு உங்கள் தீம், வடகொல்கத்தாவின் பழைய சந்து. திண்ணை, பச்சை ஜன்னல், குழாயடி எல்லாம் தெர்மோகோலிலும் ஒட்டுப்பலகையிலும் அச்சு அசலாக இருந்தது. ஒரு பொய்ச் சந்து கட்டுவதற்காக நிஜச் சந்தை அடைத்ததைத்தான் நடுவர்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கவனித்திருந்தால் இன்னொரு கோப்பை கிடைத்திருக்கும். 2018இல் அரசு ஒரு கமிட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தது, 2025இல் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். விளம்பரத் தோரணம் சாலை முழுக்க நிற்கிறது. 2021இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்ததற்கு வைத்த தட்டி இன்னும் எங்கள் ஜன்னலை மறைத்துக்கொண்டு இருக்கிறது. உலகப் பாரம்பரியத்துக்குள் குடியிருக்கிறோம், மருந்துக் கடைக்குப் போகத்தான் வழியில்லை. பந்தலின் நெற்றியில் ‘சர்போஜனீன்’ என்று போட்டிருக்கிறீர்கள். எல்லாருக்குமானது என்று அர்த்தம், இல்லையா?

மன்னிக்க வேண்டும், கோபம் வந்துவிட்டது. கேட்க வந்தது நாலடி வழிதான்.

லட்சுமி பூஜையும் போய்விட்டது, மூங்கில் இன்னும் இறங்கவில்லை. காளி பூஜைக்கு அதையே வைத்துக் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். கட்டுங்கள். கட்டுவதற்கு முன் ஒருமுறை கூப்பிட்டால், நாடாவோடு வந்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுத் தருகிறேன். நாலடி. அந்த இடத்தில் விசிலோடு ஒரு பையனை நிறுத்துங்கள், மழை நாளில் வந்தவர்களில் ஒருவனாக இருந்தால் இன்னும் நல்லது. அம்மாவின் முறை செவ்வாய், வியாழன், சனி, மாலை ஆறு மணி. நாலரைக்கு வாசலில் இருப்போம்.

இப்படிக்கு,
எழுபது அடி தள்ளிக் குடியிருக்கும் உங்கள் சந்தாதாரர்