ஷாஃப்ட் சாவியை ஒரே கம்பெனியிடம் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் தாளை நேற்று நின்று படித்தேன். நான்கு பிளாக்கிலும் உள்ள 96 வீடுகளுக்கும் ஒரே கம்பெனியின் ஃபைபர் (கண்ணாடி இழை) இன்டர்நெட் இணைப்பு. வேகம் 200 எம்பிபிஎஸ் வரை, மாதம் 699 ரூபாய், மூன்று ஆண்டு ஒப்பந்தம். சங்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவார்கள். வாசல் சிசிடிவிக்கும் ஆபீஸ் அறைக்கும் இணைப்பு இலவசம். கடைசி வரியில், இந்த மூன்று ஆண்டும் வேறு எந்தக் கம்பெனியும் நம் ஷாஃப்டில், அதாவது மாடிக்கு மாடி ஒயர் போகும் குழியில், கேபிள் இழுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் இது தீர்மானமாக வரப்போகிறது. அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

செயலாளர் சாரிடம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இது 96 வீட்டு விஷயம். எல்லாரும் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வரட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன். மேடவாக்கத்தில் நம்மைப் போல எத்தனையோ அபார்ட்மென்ட்டுகள் இதே முடிவின் முன்னால் நிற்கின்றன, அவர்களுக்கும் பயன்படலாம்.

கமிட்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோடையில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு போகிறது, லிஃப்ட் பராமரிப்புக்கு எவ்வளவு போகிறது என்பதை ஒவ்வொரு ஆண்டும் கணக்கில் பார்க்கிறேன். ஒரு கம்பெனி தானாக வந்து பணம் தருகிறேன் என்றால் யாருக்கும் வாங்கத்தான் தோன்றும். ஆனாலும் அந்தப் பணத்துக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வீட்டிலிருந்து தமிழ் டியூஷன் எடுப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள்தான் என் மாணவர்கள். அங்கே மாலை ஏழு மணி என்றால் நமக்கு எட்டரை. நம் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் டிவியும் போனும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. 2020-ல் இந்த வகுப்பை ஆரம்பித்தபோது என் வீட்டில் இருந்தது கேபிள் டிவி ஒயரிலேயே வந்த இணைப்பு. விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 90-க்கு மேலே காட்டும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "டீச்சர், உங்க குரல் விட்டு விட்டு வருது" என்று ஏதோ ஒரு குழந்தை சொல்லும். காலையில் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மோடத்தை மாற்றினேன், லேப்டாப்பை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம்தான் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எழுத ஆரம்பித்தேன். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு ஒன்பதுக்கு ஒரு தடவை. டவுன்லோடு (இறங்கும் வேகம்), அப்லோடு (ஏறும் வேகம்), பிங் (பதில் வர ஆகும் நேரம்) மூன்றையும் எழுதினேன். இரண்டு வாரத்தில் விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இறங்கும் வேகம் இரவில் கொஞ்சம்தான் குறைந்தது. ஏறும் வேகம் 10-லிருந்து 2, சில நாள் 1 என்று படுத்துவிட்டது. என் முகமும் குரலும் அந்தப் பிள்ளைகளிடம் போவது ஏறும் வழியில்தான். நோட்டீஸ் போர்டுத் தாளில் இருக்கும் 200, இறங்கும் வேகம் மட்டும்தான். ஏறும் வேகம் எவ்வளவு என்று ஒரு எழுத்துகூட இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நம் கட்டடத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். டாக்டரிடம் வீடியோவில் பேசும் பெரியவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் அந்த விட்டுப்போன எண்தான் முக்கியம்.

அந்தத் தாளில் இருக்கும் "வரை" என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். 200 வரை என்றால் 20 வந்தாலும் அது 200 வரைதான். நம் நாட்டில் பிராட்பேண்டு என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் எவ்வளவு வேகம் வேண்டும் தெரியுமா? 2004-ல் அது 256 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் கால்வாசி. 2023-ல்தான் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். அந்த வரையறையை நம்பி நாம் இருக்க முடியாது. இரவு ஒன்பது மணிக்குக் குறைந்தது இவ்வளவு வரும், வராவிட்டால் அந்த மாதம் இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கம்பெனிக்காரர் எழுதித் தர மறுத்தால் அதுவே நமக்கு ஒரு பதில்.

ஃபைபர் என்றாலே பிரச்சினை இல்லை என்று பொருளாளர் சார் போன வாரம் சொன்னார். ஃபைபர் நல்லதுதான், நானும் இப்போது அதற்கு மாறியிருக்கிறேன். ஆனால் அதிலும் வேகத்தைப் பங்கு போடுவது உண்டு. வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில்தான் வருகிறது. ஒரு இழையில் இறங்கும் மொத்த வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ்; ஏறுவதற்கு அதில் பாதி. மாடியிலோ தெருக் கம்பத்திலோ இருக்கும் ஸ்ப்ளிட்டர் என்கிற சின்னப் பெட்டி அந்த ஒரு இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துவிடும். 64 வீடும் ஒரே நேரத்தில் முழுசாக இழுத்தால் வீட்டுக்கு 40-கூடத் தேறாது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்பதால் நடைமுறையில் ஓடிவிடும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் செய்கிறது. ஆனால் ஒரு இழைக்கு எத்தனை வீடு, வீடுகள் கூடும்போது இன்னொரு இழை போடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வேறு கம்பெனி உள்ளே வர முடியாது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால், இரண்டாவது இழை போட அவர்களுக்கு என்ன அவசியம்?

போன நவம்பர் மழையில் நடந்ததை பி பிளாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு இரவு என் வீட்டு மோடத்தில் எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக மின்ன ஆரம்பித்தது. வெளியிலிருந்து வர வேண்டிய ஒளி வரவில்லை என்று அர்த்தம். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் 24 மணி நேரத்தில் சரியாகும் என்றார்கள். மறுநாளும் அதையேதான் சொன்னார்கள். நான்காம் நாள் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். சட்டை முழுக்க நனைந்திருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து, துண்டை மடியில் விரித்து, அதன் மேல் அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்தான். கறுப்பு உறையை உரித்து, தலைமுடி அளவுக்கு இருந்த கண்ணாடி இழையைச் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நுனியை வெட்டி, இரண்டு முனைகளையும் மெஷினுக்குள் எதிரெதிரே வைத்தான். சின்னத் திரையில் அவை இரண்டு கம்பங்கள் போலத் தெரிந்தன. ஒரு பொறி. இரண்டும் ஒன்றாகிவிட்டன. என் வீட்டில் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு, ஏன் தம்பி நாலு நாள் என்று கேட்டேன். இந்தப் பக்கம் முழுவதற்கும் இரண்டே பேர்தான் அக்கா, நேற்று மட்டும் முப்பது கட் என்றான். அவன் மேல் எனக்குத் துளிக் கோபமும் வரவில்லை. அந்தக் கம்பெனி எது என்பதும் இங்கே தேவையில்லை. ஆனால் வேகத்தைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டால், ரிப்பேருக்கு எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். நான்கு நாள் வராத 200-ஐவிட, அறுந்தால் அன்றைக்கே ஒட்டித் தரும் 50 எனக்குப் பெரியது.

அந்த நான்கு நாளும் என் வகுப்பு நிற்கவில்லை. எதிர்வீட்டில் வேறு கம்பெனி இணைப்பு வைத்திருந்தார்கள். அந்த அம்மா தானாகவே கதவைத் தட்டி வைஃபை பாஸ்வேர்டைச் சொன்னார். அவர்கள் வீட்டு இணைப்பு பின் சந்து வழியாக வருகிறது, என்னுடையது மெயின் ரோடு கம்பம் வழியாக. கிளை முறிந்து விழுந்தது மெயின் ரோட்டில். இரண்டு கம்பெனி இருப்பதால் நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இதுதான். அதிலும் இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கினால் பயனில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயலடித்தபோது சென்னையில் எத்தனை மரம் சாய்ந்தது, எத்தனை ஒயர் அதோடு போனது என்று நாம் எல்லாருமே பார்த்தோம். அதனால் எந்த வழியாக நம் கட்டடத்துக்குள் வருகிறீர்கள் என்று ஒவ்வொரு கம்பெனியிடமும் கேட்டு, இரண்டு வழி இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரிலிருந்து கடலுக்கடியில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் கேபிள்கள் கரையேறுவது நம் சென்னையில்தான். 2002-லிருந்தே அப்படி வருகின்றன. அவ்வளவு தூரம் தாண்டி வந்த ஒளி, நம் ஷாஃப்டுக்குள் கடைசி முப்பது மீட்டரில் ஒரு பூட்டுக்கு முன்னால் நிற்க வேண்டுமா என்பதை யோசியுங்கள்.

இது என் ஆதங்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கட்டடத்துக்குள் ஒரே நிறுவனம் தனி உரிமை வாங்கிக்கொள்வது குடியிருப்பவர்களுக்கு நல்லதல்ல, உள்ளே இருக்கும் வசதிகளை எல்லாரும் பகிர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது. 2024 அக்டோபரில், கட்டடங்களுக்குள் டிஜிட்டல் இணைப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து நட்சத்திர மதிப்பீடு கொடுக்க ஒழுங்குமுறையே கொண்டுவந்துவிட்டது. பிரச்சினை வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். போகலாம்தான், டெலிகாம் புகாருக்கும் அங்கே போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கேஸ் முடியும் வரைக்கும் மாதாமாதம் பணம் கட்டப்போவது நாம்தான். அடுத்த மாதமே வேறு கம்பெனிக்கு மாறிவிடுவேன் என்று ஒரு வீட்டுக்காரர் சொல்ல முடிவதற்கு இருக்கும் பலம் எந்த வழக்குக்கும் இல்லை. அந்தப் பலத்தைத்தான் மூன்று ஆண்டுக்கு விற்கிறோம். 699 என்பதும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 825 ஆகிவிடும்.

எல்லாக் குற்றத்தையும் கம்பெனி மேல் போட்டுவிடவும் முடியாது. என் வீட்டிலேயே ஹாலில் 180 வந்தது, உள் ரூமில் 30. நடுவே இருப்பது 9 அங்குலச் செங்கல் சுவர், வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டத் திணறுகிறது. 2011-ல் நம் பில்டர் சுவருக்குள் போட்டுவிட்ட லேன் ஒயரைப் பிரித்துப் பார்த்தால், எட்டுக் கம்பியில் நான்கைத்தான் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். நான்கு கம்பியில் 100-க்கு மேல் போகாது. மற்ற நான்கையும் சேர்த்து முடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. வேகம் வரவில்லை என்று கம்பெனியை மாற்றும் முன் ஒரு தடவை லேப்டாப்பை மோடத்தில் நேராகக் கேபிள் போட்டுச் சோதித்துவிடுங்கள். எந்த வீட்டிலாவது உதவி வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அந்தக் கம்பெனியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும், 96 வீட்டிலும் கதவைத் தட்டிக் கேட்கட்டும். இன்னும் இரண்டு கம்பெனிக்கும் இதே நிபந்தனையில் ஷாஃப்டைத் திறந்துவிடுங்கள். கேபிள் இழுக்கவும் மின்சாரத்துக்கும் ஒவ்வொருவரிடமும் நியாயமான ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டால் சங்கத்துக்கும் வருமானம் வரும். ஷாஃப்டில் எது யாருடைய ஒயர் என்று சீட்டு கட்டச் சொல்லுங்கள். இப்போது அங்கே கிடக்கும் சிக்கலில், ஒருவர் ரிப்பேர் பார்க்க வந்து இன்னொருவருடையதைப் பிடுங்கிவிட்டுப் போவதை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு கூட்டம் பத்தரைக்கு. கமிட்டி உறுப்பினர்கள் முடிந்தால் பத்து மணிக்கே பி பிளாக் மொட்டை மாடிக்கு வாருங்கள். ஸ்ப்ளிட்டர் பெட்டியையும் ஷாஃப்டையும் திறந்து காட்டச் சொல்லி வாட்ச்மேன் அண்ணாவிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறேன். என் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாம் மாடியிலிருந்து
தமிழ் டீச்சர்