கௌபாய் ஊர்த் தெருவில் விறகைக் காணோம்

கௌபாய் கதைகளைத் தமிழில் எழுதுவோர், வரைவோர், மொழிபெயர்ப்போர் அனைவருக்கும்,

வணக்கம். சிவகாசியில் அச்சான காமிக்ஸ் புத்தகங்களால் அந்த ஊர்த் தெரு நமக்கெல்லாம் மனப்பாடம். ஆளரவமற்ற புழுதித் தெரு, கதவிடுக்குகளில் கண்கள், நடுவில் முறைத்துக்கொண்டு நிற்கும் இருவர். எங்கள் முறையீடு அந்தத் தெருவைப் பற்றியதுதான். நிஜத் தெரு அவ்வளவு துப்புரவாக இருந்ததில்லை. அங்கே சண்டைக்கு இடம் வேண்டுமென்றால் முதலில் விறகையும் வண்டியையும் காலிப் பெட்டிகளையும் யாராவது அப்புறப்படுத்தியாக வேண்டும். அதை அப்புறப்படுத்தச் சொல்வதும் ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷலின் வேலையில் ஒன்று.

அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் கத்ரி நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மஸ்கோகி, செமினோல் பழங்குடி மக்களிடமிருந்து பெற்ற நிலத்தை அமெரிக்க அரசு 1889 ஏப்ரல் 22 நண்பகலில் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. அன்று மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் அங்கே முளைக்குச்சி அடித்துக் கூடாரம் போட்டுவிட்டார்கள். நில அளவை முடியவில்லை, எது மனை, எது தெரு என்று யாருக்கும் தெரியாது. கூடாரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. துணி மனைக்குள் நின்றாலும், அதை இழுத்துக் கட்டும் கயிறும் முளையும் சில அடி தள்ளித் தெருவுக்குள் இறங்கும். இருட்டில் வருகிற வண்டிக்காரனுக்கு அந்தக் கயிறு கண்ணில் படாது.

அந்தத் தெருவை ஒழுங்குபடுத்தப் பில் டில்மேன், ஜிம் மாஸ்டர்சன் என்ற இரண்டு காவல் அதிகாரிகளை அமர்த்தினார்கள் என்றும், கனத்த அடிமரம் ஒன்றைக் கோவேறு கழுதைகளில் பூட்டித் தெருவின் குறுக்கே இழுத்துவந்தே அவர்கள் ஆக்கிரமிப்பை அகற்றினார்கள் என்றும் டில்மேனின் வாழ்க்கைக் கதையில் சொல்வார்கள். வரைபவர்கள் கவனிக்க: சங்கிலியை மரத்தின் இரு முனைகளிலும் பூட்ட வேண்டும். ஒரு முனையில் மட்டும் பூட்டினால் மரம் திரும்பி, நீளவாக்கில் கழுதைகளின் பின்னால் ஓடிவரும். ஒரு முளையைக்கூடப் பிடுங்காது.

இவ்வளவு முரட்டுத்தனம் ஏன் என்றால், கையில் சட்டமே இல்லை. 1867ஆம் ஆண்டின் ஊர்மனைச் சட்டப்படி, ஊராட்சி அமைந்த இடத்தில் ஊராட்சியும், அமையாத இடத்தில் மாவட்ட நீதிபதியும் ஊர் மக்களின் சார்பில் அரசு நிலத்தை விலைக்கு வாங்குவார்கள். ஏக்கருக்கு 1.25 டாலர். பிறகுதான் மனைப் பத்திரம். அதுவரை ஊரே ஒரு பெரிய புறம்போக்கு; தெருவில் கூடாரம் போட்டவனும், 'அது தெரு, எழுந்திரு' என்றவனும் உரிமையில் ஒன்றுதான். ஓக்லஹோமாவுக்கோ இந்த வழியும் உடனே திறக்கவில்லை. ஊர்மனைகளுக்கு அறங்காவலர்களை நியமிக்கும் சட்டம் 1890 மே 14இல்தான் வந்தது. இடையில் ஓராண்டுக்கு மேல், ஊரார் தாங்களே தேர்ந்தெடுத்த தற்காலிக நிர்வாகம்தான். ஓர் ஊர்மனை 320 ஏக்கரைத் தாண்டக்கூடாது என்பதால் கத்ரி நான்கு ஊர்களாகப் பிரிந்து நின்றது தனிக் கூத்து.

ஓக்லஹோமா சிட்டியில் இரண்டு தரப்பு தனித்தனியே அளந்தது. இரண்டின் கோடும் ஒட்டவில்லை. குடிமக்கள் குழு கூடி அளவையைச் சரிசெய்தபோது, மனை என்று நம்பிக் குடியிருந்த சிலரின் இடம் தெருவில் விழுந்தது. முழுதும் நேராக்கவும் முடியவில்லை. இன்று ஷெரிடன் என்று பெயர் மாறியிருக்கும் கிராண்ட் அவென்யூவைக் கடக்கும் தெருக்கள் அங்கே ஒடிந்து, பக்கவாட்டில் தள்ளித்தான் மறுபடி தொடர்ந்தன. நீங்கள் வரையும் ஊரில் எல்லாத் தெருவும் நூல் பிடித்தாற்போல் போகிறதே, அது ஏன்?

வரைபடம் பதிவாகி மனைகளும் விற்றுவிட்ட ஊரில் கதை வேறு. கோடிட்ட தெரு பொதுச்சொத்து. அதில் வேலி போட்டு எத்தனை ஆண்டு இருந்தாலும் அனுபவ பாத்தியம், அதாவது நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை, கிடைக்காது என்பதே பொது விதி. நகர மன்றம் கூடியதும் முதலில் இயற்றுகிற சட்டங்களில் தெருமறிப்புச் சட்டமும் ஒன்று. எண்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் சாரம் ஒன்றுதான். வீடு கட்டுகிறவர் அனுமதி பெற்று, தெருவில் ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று, மரமும் செங்கல்லும் அடுக்கலாம். ஆனால் சாக்கடையை மறிக்கக்கூடாது. இரவில் குவியல்மேல் விளக்கு எரிய வேண்டும். விறகைத் தெருவில் இறக்கலாம். குறித்த நேரத்துக்குள் அறுத்து உள்ளே கொண்டுபோக வேண்டும். நடைபாதையை அடைத்தாற்போல் குதிரையைக் கட்டக்கூடாது. தண்டம் ஒருமுறையோடு தீராது. எச்சரித்த பின் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் புதுக்குற்றம். இந்தக் கடைசி விதிதான் கடைக்காரர்களைப் பணியவைத்தது.

நடைபாதையை நீங்கள் எல்லோருமே தவறாக வரைகிறீர்கள். கடைக்குக் கடை ஒரே மட்டத்தில் ஓடும் நீண்ட பலகைத் தளம் அபூர்வம். நடைபாதை போடுவது மனைக்காரர் பொறுப்பு, அவர் செலவு. அவரவர் தம் கடைத்தரை உயரத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு படி இறங்கும், அடுத்ததில் ஏறும், காலி மனை வந்தால் சேறு. அடியில் நீளவாக்கில் கட்டைகள், மேலே குறுக்கே பைன் பலகைகள். ஈரத்தில் பலகை முறுக்கிக்கொள்ள, ஆணி தலைதூக்கும். பாவாடை கிழியும், கால் இடறும். மட்டமும் அகலமும் குறித்து மன்றம் ஆணை போடும். கெடு தாண்டினால் ஊரே போட்டுவிட்டு, செலவை அந்த மனையின் வரியில் ஏற்றிவிடும்.

தெரு ஏன் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு நெருப்பே போதிய காரணம். டகோட்டாவின் டெட்வுட் நகரம் 1879 செப்டம்பர் 26இல் எரிந்தபோது சுமார் 300 கட்டடங்கள் போயின. ரொட்டிக்கடையில் கவிழ்ந்த ஒரு மண்ணெண்ணெய் விளக்கில் தொடங்கியது. மர வீடுகளுக்கு நடுவே, தெருவில் அடுக்கிய விறகு நெருப்புக்குப் பாலம்.

மார்ஷலுக்கு வருவோம். 1871இல் கன்சாஸின் அபிலீன் நகரம் தன் மார்ஷலான வைல்ட் பில் ஹிக்காக்குக்குக் கொடுத்தது மாதம் 150 டாலர். கூடவே தண்டத்தொகையில் கால் பங்கு. இந்த மாதிரி ஏற்பாட்டில், தெருவை மறித்து நிற்கும் வண்டியும் வருமானம்தான். வண்டிக்காரரிடம் மார்ஷல் காட்டும் கோபத்தில் கொஞ்சம் கணக்கும் கலந்திருக்கட்டும், பாத்திரம் உயிர்பெறும்.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த கதையில் மதுக்கடை வாசலில் பாதி அறுத்த விறகும், அதில் சாய்த்த ரம்பமும் இருக்கட்டும். குதிரை கட்டும் கம்பத்தைத் தெருவோரத்தில் நடுங்கள். தாழ்வாரத் தூணில் கட்டினால் குதிரை மிரளும்போது கூரையும் கூடவே வரும். நாயகன் தெருவைக் கடக்கும்போது ஒரு தடவையாவது சுற்றிக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
பழைய நகராட்சிச் சட்டங்களை வாசிக்கும் சிலர்