கிட் நோட்ஸ் எழுதுறவங்க ஸ்காலர் பிள்ளைங்க ஃபோல்டர ஒரு தடவ திறந்து பாக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கல்வி மலர்ல ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க கிட் (Git, ஃபைல்ல எப்ப என்ன மாத்துனோம்னு பதிஞ்சு வைக்கிற சாஃப்ட்வேர்) பழகணும்னு ஒரு கட்டுரை வந்துச்சு, நல்ல விஷயம்தான். நான் பாளையங்கோட்டையில தீசிஸ் டைப்பிங், பைண்டிங், டேட்டா என்ட்ரி கடை வச்சிருக்கேன், அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டியில இருந்தும் பக்கத்து காலேஜுகள்ல இருந்தும் ஸ்காலர்ஸ் வருவாவ, கட்டுரைய பாத்து செய்யப் போயி பாதியில நின்னுட்டுதான் வந்தாவ.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னலுக்காக கிட் எழுதுன கதைய சொல்லிட்டு நேரா பிராஞ்ச் (வேலைய தனிக் கிளையா பிரிக்கது), மெர்ஜ் (கிளைகள சேக்கது), ரீபேஸ் (கிளைய எடுத்து வேற இடத்துல ஒட்டுறது)னு போயிருச்சு. ஊருபட்ட பேர் ஒரே கோட்ல கைவைக்கிற இடத்துக்கு அதெல்லாம் வேணும், கூந்தன்குளத்துல பறவை எண்ணிட்டு வர்ற பிள்ளைக்கு முத நாளே ரீபேஸ் எதுக்குங்க? அவகிட்ட இருக்கது ஒரு எக்செல் ஷீட், புள்ளிவிவரம் போடுற ஒரு ஆர் (R) ஸ்கிரிப்ட், வேர்டுல நாலு சாப்டர். ஃபோல்டர்ல கிட்ட தொடங்க இனிட், ஃபைல சேக்க ஆட், குறிப்போட பதிய கமிட், பதிஞ்சத பாக்க லாக், என்ன மாறுச்சுன்னு பாக்க டிஃப், பழச திருப்பி எடுக்க ரெஸ்டோர், இது போதும் ஆரம்பத்துக்கு.

எக்செல்னதும் ஞாபகம் வருது, நான் பாத்த நோட்ஸ் ஒண்ணுலயும் இத சொல்லல. எக்செல் ஃபைல கிட் சேத்து வச்சுக்கிடும், ஆனா எந்த கட்டத்துல என்ன மாறுச்சுன்னு டிஃப்ல காட்டாது. அதையே சிஎஸ்வியா (கமா போட்டு பிரிச்ச வெறும் எழுத்து ஃபைலா) சேவ் பண்ணிப் பாருங்க, "கூழைக்கடா, 112"ன்னு ஒரு வரி மைனஸ் போட்டு சிவப்புல, "கூழைக்கடா, 121"ன்னு ஒரு வரி பிளஸ் போட்டு பச்சைல நிக்கும், கமிட் மெசேஜ்ல "ஃபீல்டு நோட்ட பாத்து திருத்துனது"ன்னு எழுதியிருந்தா வைவால யாரு கேட்டாலும் தேதியோட காட்டிரலாம். இந்த ஒரு உதாரணத்த போட்டாலே பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னு புரிஞ்சிரும்.

அடுத்து எரர். நோட்ஸ்ல எல்லாம் சரியா ஓடுன மாதிரியே இருக்கு, விண்டோஸ் மெஷின்ல அப்படியா ஓடுது? முத கமிட்லயே நீ யாருன்னு சொல்லுன்னு கேட்டு நிக்கும், பேரும் ஈமெயிலும் குடுத்தாத்தான் நகரும். மெசேஜ் போடாம கமிட் அடிச்சா விம்னு ஒரு எடிட்டர் திறந்துக்கிடும், எஸ்கேப் அமுக்கி கோலன், க்யூ, ஆச்சரியக்குறி அடிச்சு என்டர் தட்டி வெளிய வரணும்னு தெரியாம ஜன்னலயே மூடிட்டுப் போறாவ. வரி முடியுற குறிய பத்தி எல்எஃப், சிஆர்எல்எஃப்னு ஒரு வார்னிங் வரும், அது சும்மா எச்சரிக்கைதான், பயந்து எல்லாத்தையும் அழிச்ச பிள்ளை உண்டு.

பழைய நோட்ஸ் இன்னொரு தலைவலி. கிட் ஃபைல்கள ஆன்லைன்ல ஏத்தி வைக்கிற கிட்ஹப் தளம் 2021 ஆகஸ்ட் 13லயே டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற ஜன்னல்ல) அக்கவுண்ட் பாஸ்வேர்டு வாங்குறத நிப்பாட்டிட்டு, டோக்கனோ (பாஸ்வேர்டுக்கு பதிலா கிட்ஹப்ல எடுக்குற ரகசிய எழுத்து) பிரவுசர் லாகினோ வேணும், இன்னமும் பாஸ்வேர்டு அடிங்கன்னு போட்டு ஜெராக்ஸ் குடுக்காவ. 2020 அக்டோபர்ல இருந்து அங்க புது ரெப்போவுக்கு (கிட் ஃபோல்டருக்கு) முத பிராஞ்ச் பேரு மெயின், நம்ம கம்ப்யூட்டர்ல மாஸ்டர்னு இருக்கும், புஷ் ஆகல, ஆன்லைன்ல ஏறலன்னு முழிக்காவ. எந்த வருஷம், எந்த வெர்ஷன்ல சரிபாத்ததுன்னு மேல ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சிரும்?

முத பக்கத்துலயே பெருசா வர வேண்டியது ஒண்ணு இருக்கு. முக்கூடல் பக்கம் பீடி சுத்துற அம்மாமாருகிட்ட சர்வே எடுத்துட்டு வாராவ, பேரு, போன் நம்பர், கடன் விவரம் எல்லாம் ஷீட்ல இருக்கு. அத கமிட் பண்ணி பப்ளிக் ரெப்போல ஏத்திட்டு பொறவு ஃபைல அழிச்சா போயிருச்சுன்னு நினைக்காவ, போகாது, ஹிஸ்டரில அப்படியே கிடக்கும். கிட் தொடக்கூடாத ஃபைல் பேர கிட்இக்னோர்ங்கிற (.gitignore) ஃபைல்ல எழுதிட்டுத்தான் முத ஆட் அடிக்கணும். நூறு எம்பிக்கு மேல உள்ள ஃபைல கிட்ஹப் வாங்காதுங்கிறதையும் அங்கயே சொல்லிரலாம்.

எழுதுறவங்க எழுதி முடிச்சதும் கிட் தெரியாத ஒரு ஸ்காலர உக்கார வச்சு, வாயே திறக்காம, எங்க கை நிக்குதுன்னு குறிச்சு, அந்த இடத்த மட்டும் திருப்பி எழுதட்டும். அடுத்த தடவ மலர்ல போடுறதா இருந்தா ப்ரூஃப முன்னாடியே அனுப்புங்க, செஞ்சு பாத்து சொல்ல கடைக்கு வர்ற பிள்ளைங்க தயாரா இருக்காவ, சிஸ்டம் என் கடையில இருக்கு.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர், பாளையங்கோட்டை