ஸ்மார்ட் ஹப்பின் பேக்கப்பை எடுத்துக் கொடுப்பது பொருத்துபவரின் கடமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களில், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்க, வயதான பெற்றோர் மட்டும் வசிக்கும் வீடுகளில் ஸ்மார்ட் ஹோம் கருவிகள் பெருகி வருகின்றன. வாசல் விளக்கு, கொல்லைக் கதவின் சென்சார், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், இரவில் ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் தாழ்வார விளக்கு ஆகிய அனைத்தையும் இயக்குவது ‘ஹப்’ எனப்படும் சிறு பெட்டி. அது பழுதானால் என்ன செய்வது என்பதற்கு எந்த ஏற்பாடும், குறிப்பாக அதிலுள்ள விவரங்களை நகலெடுத்து வைக்கும் ‘பேக்கப்’பை, செய்து தராமலேயே அதைப் பொருத்துபவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒயரிங் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஐப்பசி மழையில் இடி மின்னலுக்குப் பிறகு ஹப் செயலிழந்துபோன ஒரு வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். உத்தரவாதக் காலம் முடியாததால் நிறுவனம் அதே மாடலில் புதிய பெட்டியை அனுப்பிவிட்டது; ஆனால் எல்லாக் கருவிகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த வீட்டில், ஹப்பின் கட்டளைப்படி விளக்கையும் மோட்டாரையும் இயக்கும் சிறு கருவிகளான மாட்யூல்கள் அனைத்தும் சுவிட்ச் போர்டுகளுக்குள் திணிக்கப்பட்டிருந்தன. மெயினை அணைத்து, துருப்பிடித்த திருகுகளைக் கழற்றி, போர்டைத் தொங்கவிட்டு, மீண்டும் மின்சாரம் கொடுத்து, மாட்யூலின் ஓரத்தில் ஊசிமுனை அளவே இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்த மாட்யூல் எந்த விளக்குக்கு உரியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர், “தம்பி, பெட்டிதானே கெட்டுப்போச்சு, லைட்டெல்லாம் நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் கழட்டுறீங்க?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி அது. ஜிக்பீ எனும் கம்பியில்லாத் தொடர்பு முறையில் இயங்கும் ஹப், முதன்முதலில் தன் வலையமைப்பை உருவாக்கும்போது 128 பிட் ரகசியக் குறியீடு ஒன்றையும் அந்த வலையமைப்புக்கென ஓர் அடையாள எண்ணையும் வைத்துக்கொள்கிறது. இணையும் ஒவ்வொரு விளக்கும் சென்சாரும் அவற்றைத் தம் நினைவகத்தில் பதிந்துகொண்டு, அந்த வலையமைப்பின் கட்டளைகளுக்கு மட்டுமே செவிசாய்க்கின்றன. ஹப் அழிந்தால் அதனுள் இருந்த குறியீடும் அழிகிறது. அதே நிறுவனத்தின் அதே மாடல் பெட்டியாகவே இருந்தாலும் புதிய ஹப்பைக் கருவிகளுக்கு அடையாளம் தெரியாது. இசட்-வேவ் எனும் இன்னொரு கம்பியில்லா முறையிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். ஒரு ஹப்பில் சேர்ந்த கருவியை அதிலிருந்து விலக்கினால்தான் அது வேறொரு ஹப்பில் சேரும். விலக்கும் வேலையை எந்த இசட்-வேவ் ஹப்பைக் கொண்டும் செய்யலாம் என்பது ஓர் ஆறுதல்.

ஆகவே பேக்கப் என்பதில் இரண்டு பகுதிகள் உண்டு என்பதை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கருவிகளின் பெயர்கள், நேர அமைப்புகள், தானியங்கிக் கட்டளைகள் ஆகியவை ஒரு பகுதி. கருவிகளுடன் கம்பியின்றிப் பேசும் பாகமான ஹப்பின் ரேடியோவுக்குள் இருக்கும் ரகசியக் குறியீடும் வலையமைப்பு விவரங்களும் இன்னொரு பகுதி. முதல் பகுதியை மட்டும் மீட்டால் செயலியில் எல்லா விளக்குகளின் பெயரும் வந்துவிடும், ஒரு விளக்கும் எரியாது. கணினியையே ஹப்பாக்கும் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற மென்பொருளில் ஜிக்பீ ரேடியோவின் விவரங்களையும் சேர்த்துச் சேமித்து, புதிய யூ.எஸ்.பி. ரேடியோவில் ஏற்ற வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் பெரும்பாலான கருவிகளைத் தொடவே வேண்டியதில்லை. பழைய ரேடியோ பிறகு உயிர்பெற்றாலும் அதை அப்படியே செருகிவிடக் கூடாது, ஏனெனில் ஒரே அடையாளத்துடன் இரண்டு இயங்கினால் வலையமைப்பு குழம்பிவிடும். சில நிறுவனங்கள் ரேடியோ விவரங்களைச் சேமிக்கத் தனிக் கட்டணம் கேட்கின்றன. சிலவற்றில் அந்த வசதியே கிடையாது. இதை விற்பனைக்கு முன்பே சொல்ல வேண்டுமல்லவா?

பேக்கப்பை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில் இயங்கும் ஹப்களில் பெரும்பாலும் முதலில் கெடுவது மெமரி கார்டுதான். இடைவிடாமல் எழுதப்படுவதாலும், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போவதாலும் அது கெடுகிறது. அதே கார்டில் பேக்கப்பை வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பென் டிரைவிலோ, வெளியூரில் இருக்கும் பிள்ளையின் கணினியிலோ ஒரு நகல் இருக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் ஹோம் அசிஸ்டன்ட் தானியங்கி பேக்கப்பை மறைகுறியாக்கிச் சேமிக்கிறது. அதன் திறவுச்சொல்லைத் தனியே குறித்து வைக்காவிட்டால் அந்தக் கோப்பால் பயனில்லை.

மீட்டர் போர்டில் எந்த எம்.சி.பி. (மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். மாட்யூலைச் சுவருக்குள் தள்ளுவதற்கு முன் அதன் எண்ணையும், மேட்டர் எனும் பொதுத் தரத்தில் இயங்கும் கருவியானால் அதன் 11 இலக்க இணைப்பு எண்ணையும் படம் எடுத்து, பட்டியலாக எழுதித் தருவதற்கு அதைவிடப் பெரிய உழைப்பு தேவையில்லை. 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் தரத்தில் ஒரே கருவியை ஒன்றுக்கு மேற்பட்ட ஹப்களில் இணைக்கலாம் என்பதால், ஒன்று போனாலும் மற்றொன்றால் இயக்க முடியும். வளைகுடாவிலிருந்து இசட்-வேவ் கருவி வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இந்தியாவில் அதன் அலைவரிசை 865.2 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய அலைவரிசையான 868.42-இல் இயங்கும் ஹப் இங்குள்ள கருவிகளுடன் பேசாது.

பெட்டி நன்றாக இருந்தும், அதை இணையம் வழியே இயக்கும் நிறுவனத்தின் சர்வர் நின்றால் வீடு முடங்குவதுண்டு. அமெரிக்காவில் ரிவால்வ் ஹப்பின் சேவை 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டபோது அது வெறும் பெட்டியாகிவிட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. இணையம் இல்லாமலும் வீட்டுக்குள்ளேயே இயங்கக்கூடிய ஹப்பையே வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம்.

நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘பழுது நீக்கும் உரிமை’க்கான இணையதளத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்துடன் இணையும் கருவிகளுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர்கள் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். முழு பேக்கப் எடுக்க முடியுமா, அதை வேறொரு பெட்டியில் ஏற்ற முடியுமா, சேவை எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்ற மூன்றையும் ஹப்பின் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்று நம் அரசும் விதி செய்ய வேண்டும். ஐ.டி.ஐ. ஒயர்மேன் பயிற்சியிலும் இந்த வேலை இடம்பெற வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், ஹப் வைத்திருக்கும் வீட்டார் அதைப் பொருத்தியவரை அழைத்து, பேக்கப் கோப்பையும் கருவிப் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். ஹப்பையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றி, இடி இடிக்கும்போது இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். பணம் வாங்கிய பின் பட்டியல் தர மறுப்பவர்கள் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

இங்ஙனம்,
மின் ஒப்பந்ததாரர் ஒருவர்,
மன்னார்குடி.