சகாராவில் என்னை ஓட வைத்தவர்களுக்கு

ஊருக்கு வந்ததிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். நேரில் நன்றி சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன், அதனால் எழுதியே விடுகிறேன். மொரோக்கோவின் தெற்கே, சகாராவில் 1986 முதல் நடக்கும் ‘மரத்தோன் தே சாப்ல்’ ஓட்டத்தை, கட்டம் கட்டமாக ஏறக்குறைய 250 கிலோமீற்றரையும், முடித்துவிட்டேன்.

அங்கே தண்ணீரும் படுக்கக் கூடாரமும் தருவார்கள். மற்றதெல்லாம், அதாவது ஒரு கிழமைச் சாப்பாடு, தூக்கப் பை, மருந்து, விஷம் உறிஞ்சும் பம்ப் உட்பட, ஓடுபவரே முதுகில் சுமக்க வேண்டும். பை 6.5 கிலோவுக்குக் குறையக் கூடாது, 15 கிலோவைத் தாண்டவும் கூடாது, சாப்பாடு நாளுக்கு 2,000 கலோரியாவது வர வேண்டும். “தனியா ஓடிட்டு வந்திட்டியே” என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பையைக் கட்டியது யார் யார் என்று சொல்ல வேண்டும்.

முதலில் மாமி. எள்ளுப்பாகு இடித்தது, பனாட்டைச் (காய வைத்த பனம்பழக் களி) சின்னத் துண்டுகளாக வெட்டியது, புழுக்கொடியலை (அவித்துக் காய வைத்த பனங்கிழங்கு) மாவாக்கித் தந்தது எல்லாம் அவதான். பாரம் குறைவு, சத்து அதிகம், வெயிலில் கெட்டுப்போகாது, இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் சாப்பாடு நம் ஊரிலேயே இருக்கும்போது வெளிநாட்டுப் பக்கற்றுகளுக்கு ஏன் அவ்வளவு காசு கொடுக்க வேண்டும்? ஒவ்வொரு பொதியையும் நிறுத்து, கலோரி கணக்குப் போட்டு, லேபல் ஒட்டித் தந்தது என் பழைய மாணவி.

அடுத்தது சப்பாத்து. மணல் உள்ளே போனால் கொப்புளம், கொப்புளம் பழுத்தால் ஓட்டம் முடிந்தது. அதற்காக பரசூட் துணியில் முழங்கால் வரை உறை போட்டு, சப்பாத்தைச் சுற்றித் தைத்த வெல்குரோவில் அதை ஒட்டுவார்கள். துணியை பாரிஸில் இருக்கும் அண்ணா அனுப்பினார், சுன்னாகத்துத் தையல்கார அக்கா உறை தைத்தா. வெல்குரோவுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் சப்பாத்துத் தைக்கும் ஐயாவிடம் போனேன். பசை போட்டு ஒட்டினால் போதும் என்று நான் சொல்ல, அவர் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெயிலுக்குப் பசை இளகும் பிள்ளை. அடியைக் குத்தாமல் மேலோடை சேர்த்துத் தைக்கிறன்” என்றார். வளைந்த ஊசியால் ஒரு சுற்றுத் தைத்து முடித்தபின், பெருவிரல் பக்கம் துணி சுருங்கி நிற்கிறது என்று தானே பிரித்து, மறுநாள் வரச்சொல்லித் திரும்பத் தைத்தார். 80 கிலோமீற்றருக்கு மேல் வரும் நீண்ட கட்டத்தில், இரவு முழுக்க தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் நடந்து கூடாரத்துக்கு வந்து, எல்லோரும் சப்பாத்தைக் கவிழ்த்து மணலைக் கொட்டினார்கள். என்னுடையதிலிருந்து ஒரு சிட்டிகைதான் விழுந்தது. ஐயா, அந்த இடத்தில் உங்களைக் கும்பிட்டேன்.

பயிற்சிக்கு யாழ்ப்பாணத்தில் மணல்மேடுகள் இருக்கும் கடற்கரைக் கிராமமான மணற்காடு. விடியப்புறம் நான்கு மணி இருட்டில் ஒரு பெண் தனியே ஓடுவது இங்கே எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் போகும் அண்ணை, நான் கேட்காமலே, சவுக்கங்காடு வரை வேகத்தைக் குறைத்துப் பின்னால் வருவார். ஒருநாளும் அதிகம் கதைத்ததில்லை. மணலில் பாதி புதைந்து கிடக்கும் அந்தோனியார் கோயிலைத் தாண்டினால் மீனவர்களின் வாடி, அங்கேதான் என் தண்ணீர்ப் போத்தல்கள் இருக்கும். மேட்டில் நான் சறுக்குவதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெரியவர் சொன்னார்: “காத்தடிக்கிற பக்கத்தாலை ஏறு, அங்கை மண் இறுகிக் கிடக்கும்.” மொரோக்கோவில் மெர்சூகாவின் பெரிய மணல்மேடுகளிலும் அதையேதான் செய்தேன், அப்படியே சரியாக இருந்தது.

ஈசிஜி எடுத்து, மருத்துவச் சான்றிதழை இரவோடு இரவாக எழுதித் தந்த டொக்டருக்கும், ஆயிரக்கணக்கான யூரோ நுழைவுக் கட்டணத்துக்காகக் காசு சேர்த்த பழைய மாணவர்களுக்கும், கனடாவிலிருந்து அனுப்பியவர்களுக்கும் நன்றி. நீங்கள் பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை.

அப்புறம் என் வகுப்புப் பிள்ளைகள். அங்கே ஓடுபவர்களுக்கு வரும் செய்திகளை அச்சடித்துக் கூடாரத்துக்கே கொண்டுவந்து தருவார்கள். கொப்புளத்துக்குச் சிவப்பு மருந்து பூசி, காலை நீட்டி, எழும்பவே மனமில்லாமல் இருந்த மாலையில் உங்கள் தாள் வந்தது. “ரீச்சர், விழுந்திடாதேங்கோ, விழுந்தாலும் எழும்பி ஓடுங்கோ.” அந்தத் தாளைக் கூடாரத்தில் இருந்த மற்ற ஏழு பேருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அடுத்த நாள் காலை அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து “டீச்சர், எழும்பு” என்றார், அதற்கும் நன்றி.

பயந்து பயந்தும் என்னைத் தடுக்காத அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, அம்மா.

பை, தூக்கப் பை, பம்ப், திசைகாட்டி எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. வடக்கிலிருந்து யாராவது, முக்கியமாகப் பெண் பிள்ளைகள், இந்த ஓட்டத்துக்குப் போக நினைத்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். சப்பாத்து மட்டும் உங்கள் அளவுக்கு வாங்க வேண்டும், வாங்கியதும் சொல்லுங்கள், ஐயாவிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.