உனக்கு எதற்கு ஒரு கிலோமீட்டர்?

மாப்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எனக்கு ஆரம்பித்திருக்கிறது, நாள் முழுக்க லேத் முன்னால் நின்றால் வேறென்ன வரும்.

அப்புறம் டார்ச் விஷயம். வேலை முடிந்து எஸ்டேட் ரோட்டில் இருட்டில் நடந்து வருகிறேன், ஒரு கிலோமீட்டர் அடிக்கிற லைட் ஒன்று கடைந்து கொடு என்கிறாய். கடைந்து தருகிறேன், ஆனால் உங்கள் வால்பாறை ரோடு ஐம்பதடிக்கு ஒரு வளைவு, யானை நிற்பதும் அந்த வளைவில்தான். இதில் ஒரு கிலோமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

டப்பாவில் போடுகிற அந்த மீட்டர் கணக்கே ஒரு வேடிக்கை. வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு, அதாவது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா அளவுக்கு இறங்குகிற தூரம்தான் அது. கேண்டலா என்பது நடுக்கற்றையின் செறிவு, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கு, மீட்டர் வந்துவிடும். 10,000 கேண்டலாவுக்கு 200 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை லட்சம். அவ்வளவு வேண்டுமென்றால் ஓஸ்ராமின் 1 சதுர மில்லிமீட்டர் எல்இடி மாதிரி மேலே குமிழ் இல்லாத சின்னச் சில்லும், 50, 60 மில்லிமீட்டர் வாயுள்ள வழவழப்பான ஆழமான ரிஃப்ளெக்டரும் போட வேண்டும். சில்லு சின்னதாக, ரிஃப்ளெக்டர் பெரிதாக ஆக ஆக வெளிச்சம் ஊசியாகும், சுற்றிலும் இருட்டு. போன தடவை அப்படி ஒன்றைத்தானே உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், எதிர் மலைச் சில்வர் ஓக்கில் இலை இலையாகத் தெரிந்தது, காலடியில் கிடந்த யானை லத்தி தெரியவில்லை. நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

உனக்கு நான் நினைத்திருப்பது நிச்சியா கம்பெனியின் 519ஏ எல்இடி, 4500 கெல்வின், அதாவது நீலமும் மஞ்சளும் தூக்காத நடுவான வெள்ளை. நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், சிவப்பும் நன்றாகத் தெரியும். சருகுக்குள் கிடக்கிற பழுப்புப் பாம்பு உனக்குச் சருகிலிருந்து தனியாகத் தெரிய வேண்டும், அதற்கு லூமன், அதாவது மொத்த வெளிச்ச அளவு, முக்கியமில்லை, நிறம்தான் முக்கியம். ரிஃப்ளெக்டர் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருப்பது. கொஞ்சம் தூரம் குறையும், ஆனால் நடுப்புள்ளியும் ஓரமும் கோடு போட்ட மாதிரி பிரியாமல் கலந்து விழும். எக்ஸ்ஹெச்பி50 எல்இடி போடேன் என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறாய். லூமன் அதில் அதிகம்தான், நாலு சில்லு ஒன்றாக இருக்கிறதே. ஆனால் வழவழ ரிஃப்ளெக்டரில் வைத்தால் நடுவில் ஒரு இருட்டுக் குழி விழும், அதன் பின்னால் வந்த வகையில் நிறமும் பிரிந்து ஆஃப்பாயில் மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்காது.

பனி இறங்கும்போது மட்டும் உன் டார்ச் கொஞ்சம் படுத்தும், பரந்த வெளிச்சம் வெள்ளைச் சுவராகக் கண்ணுக்கே திரும்பும். மஞ்சளாகப் போட்டாலும் தப்பாது, பனித்துளி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். டார்ச்சைத் தோளுக்குத் தூக்காமல் இடுப்புக்குக் கீழே பிடி, போதும்.

எல்இடியை நேற்றே செம்புத் தகட்டில் ஒட்டிவிட்டேன். பழைய இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே தகட்டை வைத்து, சால்டர் பேஸ்ட் என்கிற ஈயப் பசையைத் தடவி, இடுக்கியால் எல்இடியை மேலே வைத்து உட்கார்ந்திருந்தேன். 183 டிகிரியில் ஈயம் சட்டென்று பளபளத்து உருகும், கோணலாக வைத்திருந்தாலும் எல்இடி தானாக நகர்ந்து நேராக உட்காரும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி. ஆனால் முந்தாநாள் ஒன்றைப் பொசுக்கினேன். ரிஃப்ளெக்டரின் அடிவிளிம்பு அலுமினியம், அது ஒயர் ஒட்டிய ஈயத்தில் உரசியிருக்கிறது, பட்டனை அழுத்தினேன், ஒரு டிக், புகை. இரண்டும் உரசாமல் இருக்க எல்இடிக்கும் ரிஃப்ளெக்டருக்கும் நடுவில் வைக்கிற வெள்ளை வளையத்தை உயரம் குறைக்கிறேன் என்று நானே தேய்த்து மெலிதாக்கியிருந்தேன். அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் குவியம் போய்விடும், வெளிச்சத்தில் வளையம் வளையமாக வரும், அதனால்தான் தேய்த்தேன். இப்போது உயரம் சரியான வளையமே வாங்கி, அடியில் மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப்பும் ஒட்டியிருக்கிறேன்.

உடம்பு இன்னும் கடையவில்லை. 18650 என்கிற உருளை லித்தியம் பேட்டரி ஒன்று உள்ளே போகும், அதற்குமேல் தடிமன் உன் கையைப் பொறுத்தது. கட்டை விரலும் நடுவிரலும் தொடுகிற மாதிரி ஒரு நூலைப் பிடித்து, சுற்றளவு எவ்வளவு என்று எழுது. மழை விட்டதும் நானே கொண்டுவருகிறேன்.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி