பெலற் அடுப்புக்கு எரிவாயுக் குழாய் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர் தொடங்கினால் உங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் வீட்டுத் திருத்த வேலை விளம்பரங்கள் பெருகிவிடும். அப்படி ஒன்றைப் பார்த்து ஒருவரை அழைத்தவன் நான். பெயர் வேண்டாம், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், பழகுவதற்கு நல்லவர்.

ஓய்வு பெற்றபின் ரொறன்ரோவின் ஸ்காபரோவை விட்டு லின்ட்சே என்ற சிறு நகருக்கு வெளியே குடிவந்தோம். எங்கள் தெருவுக்கு எரிவாயு இணைப்பு இல்லை. புரொப்பேனுக்குக் கட்டி மாளாமல், மரத்தூளை அமுக்கிச் செய்த குறுணைகளை எரிக்கும் பெலற் அடுப்பு வாங்கினோம். அடுப்புக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, அதன் புகையை வெளியேற்றும் குழாயில் மிச்சம் பிடித்தேன். எல்லாக் குழாயும் ஒன்றுதான் என்று நான் அழைத்த அந்த ஆள் சொன்னதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

அவர் பொருத்தியது எரிவாயுச் சாதனங்களுக்கான 'பி' வகைக் குழாய். இரட்டைச் சுவர், நல்ல பளபளப்பு. இரண்டு வாரத்தில் மூட்டுக்கு நேரே சுவரில் சாம்பல் கோடு விழுந்தது. மனைவி துடைப்பார், மறுநாளும் வரும். அடுப்பு விபூதி தருகிறது என்று கேலி செய்தேன். ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு, மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டைக் கண்டறியும் அலாரம் அலறியது. ஒன்ராறியோவில் 2014 முதல் படுக்கையறைக்கு அருகே அதை வைப்பது சட்டம். சட்டத்துக்குப் பயந்து வாங்கிய பெட்டிதான் எங்களை எழுப்பியது.

பிறகு வந்த, விறகு, பெலற் அடுப்பு வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தரும் 'வெற்' (WETT) சான்றிதழ் பெற்ற பரிசோதகர் ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தினார். அம்மாவின் குசினியில் புகை தானாக மேலேறிப் புகைக்கூட்டால் போகும். பெலற் அடுப்பில் ஒரு விசிறி புகையைத் தள்ளுகிறது. தள்ளும் புகை கிடைத்த இடைவெளியால் எல்லாம் வீட்டுக்குள் வரும். 'பி' குழாயின் உட்சுவர் அலுமினியம். அதன் மூட்டுகள் அழுத்தத்தைத் தாங்கச் செய்தவை அல்ல. பெலற் குழாயின் உட்சுவர் துருப்பிடிக்காத உருக்கு. மூட்டுகள் காற்றுப் புகாமல் அடைக்கப்படும். பெலற் அடுப்புக்கானது என்ற சான்று முத்திரையும், மரச்சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளியிருக்க வேண்டும் என்பதும் குழாயிலேயே இருக்கும். எங்களுடையதற்கு 3 அங்குலம்.

வளைவுகளுக்கும் கணக்கு உண்டாம். ஒரு செங்கோண வளைவை 5 அடி நீளமாக எண்ணுவார்கள். மொத்தம் 15 அடியைத் தாண்டினால் 3 அங்குலக் குழாய் போதாது, 4 அங்குலம் வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று வளைவுகள். நேர்க்குழாயைச் சேர்க்க முன்பே கணக்கு முடிந்துவிட்டது.

நான் யோசித்தே பார்க்காதது மின்வெட்டு. மின்சாரம் நின்றால் விசிறியும் நிற்கும், சட்டியில் மிஞ்சிய நெருப்பு புகையும். குழாய் சுவரைத் துளைத்து நேரே வெளியே போய் முடிந்தால் அந்தப் புகை உள்ளே திரும்பலாம். 2013 டிசம்பர் பனிமழையில் ஸ்காபரோவில் இருளில் கிடந்த எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். விசிறி நின்றாலும் புகை தானாக மேலேறிப் போக, இப்போது எங்கள் குழாய் வெளிச்சுவரோடு 5 அடி மேலேறுகிறது; அடியில் சாம்பல் எடுக்க மூடியும் உண்டு.

அடுப்பு, புகைபோக்கி வேலைக்கு விளம்பரம் தருபவர்களிடம் 'வெற்' சான்றிதழ் உண்டா என்று கேட்டு, விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். சான்றிதழ் இல்லாதவர் தண்ணீர்க் குழாய் திருத்தட்டும்.

கழற்றிய பழைய குழாய் கராஜில் இருக்கிறது. பொருத்தியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம், தேநீரும் தருவோம்.

இப்படிக்கு,
லின்ட்சே வாசகர்